முகத்தைக் காட்டினால்தான் பேரா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் மகள் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் மெஷின் வைக்கப் போகிறார்கள், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒன்று. காலையிலும் மாலையிலும் அதன் முன்னால் நின்றால்தான் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளத்துக்கான பதிவு, விழும். அதற்கு ஒரு சம்மதப் படிவம் கொடுத்திருக்கிறார்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். தனியார் கம்பனி இப்படிச் செய்யலாமா, நம் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டா, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதல் பதில் இது: அம்மா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. தமிழில் படிவம் கேளுங்கள், அது கைக்கு வந்து, வாசித்து, விளங்கும்வரை காத்திருக்கலாம். மீதியை ஆறுதலாக எழுதுகிறேன். உங்கள் தோட்டத்தில் இன்று நடப்பது நாளை அடுத்த தோட்டத்திலும் நடக்கும்.

நான் தலவாக்கலைப் பக்கத்து லயமொன்றில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பதினொரு வருடம் வருகைப் பதிவு மெஷின் பொருத்தும் வேலை பார்த்தேன். ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், கிடங்கு என்று பல இடங்கள். இப்போது கம்பனிகளுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை விளக்கிச் சொல்வது என் வேலை. மெஷின் வைக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் தெரியும், பெரட்டில் நிற்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

கம்பனி சொல்லும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வராத ஆளுக்குக் கள்ளப்பேர் விழுவதும், நாள் முழுக்க மலையில் நின்ற ஆளுக்கு அரைப்பேர் விழுவதும் பழைய வியாதி. என் அம்மா ஒரு மாதம் இருபத்திரண்டு நாள் வேலை செய்தார், சம்பளச் சீட்டில் பத்தொன்பது என்று வந்தது. விடுபட்ட மூன்று நாள் பேருக்காக இரண்டு நாள் ஆபிஸ் வாசலில் நின்றார். நின்ற இரண்டு நாளுக்கும் சம்பளம் இல்லை, அந்த மூன்று நாள் பேரும் கடைசிவரை கிடைக்கவில்லை. செக்ரோல் என்கிற தோட்டத்து வருகை, சம்பளப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று அவருக்கு யாரும் காட்டவும் இல்லை. ஆகவே யார் வந்தார், எத்தனை கிலோ பறித்தார் என்பதற்கு அழியாத பதிவு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

இப்போது அந்தப் பதிவின் விலையும் கூடியிருக்கிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட் சம்பளம் 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். அதில் 1,550 ரூபா கம்பனி கொடுப்பது, மற்ற 200 ரூபா வருகைக்கான ஊக்கத்தொகையாக அரசாங்கம் கொடுப்பது. வருகையைப் பார்த்து அரசாங்கப் பணம் வருகிறது என்றால் அந்த வருகை உண்மையா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கம்பனிகள் மெஷின் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

கைரேகை மெஷின் போதாதா என்று கேட்கலாம். கொழுந்து பறிக்கிற கையைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். சாறு பட்டுக் கறுத்து, வெடித்து, ரேகை தேய்ந்த விரல்கள். கையால் பாடுபடுகிற ஆட்களிடம் கைரேகை மெஷின் திணறும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விரல் சரிவராத இடத்தில் விற்பனையாள் முகத்தைக் கொண்டு வருகிறார்.

சரி, அந்த மெஷின் என்ன செய்கிறது? படத்தை அப்படியே வைத்து ஒப்பிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முகத்தை அது சில நூறு எண்கள் கொண்ட ஒரு கோவையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் அம்மா வந்து நிற்கும்போது புதிதாக ஒரு கோவை எடுத்து, பழையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. முழுக்க ஒத்துப்போவது கிடையாது. இவ்வளவு ஒத்துப்போனால் ஆள் சரி என்று ஏற்றுக்கொள் என ஓர் எல்லையை யாரோ ஒரு மனிதன் போட்டு வைத்திருப்பான். அந்த எல்லையைப் போடுகிற மனிதனாகப் பல வருடம் நான் இருந்திருக்கிறேன். எல்லையை இறுக்கினால் உண்மையான ஆளையே மெஷின் தெரியாது என்று சொல்லும். தளர்த்தினால் அக்காவைத் தங்கை என்று எடுத்துக்கொள்ளும். காலையில் வரிசை நீண்டு, அதிகாரி கோபப்பட்டு, போன் வந்தால் பொருத்துகிறவன் என்ன செய்வான்? எல்லையைத் தளர்த்துவான். நானும் தளர்த்தியிருக்கிறேன். எந்த ஆவணத்திலும் அது எழுதப்படாது.

ஓர் ஆடைத் தொழிற்சாலையில் அப்படித் தளர்த்திய பிறகு, அக்கா தங்கை இரண்டு பேரை மெஷின் மாற்றி மாற்றிப் பதிந்தது. தங்கைக்கு இரண்டு வருகை, அக்காவுக்கு வராத நாள். அக்காவின் வருகைக் கொடுப்பனவு மூன்று மாதம் வெட்டுப்பட்டது. அவர் போய்ச் சொன்னபோது ஆபிஸில் கிடைத்த பதில், மெஷின் பொய் சொல்லாது என்பதுதான். பிழை என் கையில் இருந்தது என்று எனக்குத் தெரிய வந்தபோது அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தொழிலிலிருந்து விலகினேன்.

இனி உங்கள் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணி, பனி மூட்டம், தூறல். தலையில் சாக்குக் கொங்காணி, நெற்றியில் கூடைக் கயிறு, வெயிலில் கறுத்துக் காற்றில் வெடித்த முகம். மெஷினுக்கு முகத்தைப் பதியும்போது ஆபிஸ் அறையில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். நானூறு பேர் இருக்கிற டிவிசனில் நூற்றுக்கு ஒரு தடவை மெஷின் ஆளை மறுத்தால் காலைப் பெரட்டில் மட்டும் தினமும் நான்கு பேர். இருபத்தைந்து வேலை நாளில் நூறு பேர் பிரச்சினை. இது வெறும் பெருக்கல் கணக்குதான், ஆனால் அந்த நூறில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் ஒரு நாள் சம்பளம்.

பிழை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனம் 2019-இல் 99 நிறுவனங்களின் 189 மென்பொருட்களைச் சோதித்தது. ஓர் ஆளை வேறொரு ஆள் என்று தவறாகப் பொருத்துகிற பிழை, பல மென்பொருட்களில் சில இனத்தவருக்கு மற்றவர்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு அதிகமாக இருந்தது. பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல், முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல். சீனாவில் செய்த சில மென்பொருட்கள் கிழக்காசிய முகங்களில் அந்தப் பிழையைச் செய்யவில்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. அதாவது மென்பொருள் எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அந்த முகங்களை நன்றாகப் பார்க்கும். அதற்கு முந்தின வருடம் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருட்களைச் சோதித்தார்கள். வெள்ளை ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதமாக இருந்த பிழை, கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மலையகத்தில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கறுத்த பெண்கள், அதிலும் ஐம்பது தாண்டியவர்கள் நிறையப் பேர். எங்கள் பெண்களின் முகத்தில் இதைச் சோதித்தீர்களா என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் விற்பனையாளிடம் கேட்க வேண்டும்.

ஆனால் தங்கச்சி, மெஷின் நாளைக்கே ஒரு பிழையும் விடாமல் வேலை செய்தாலும் என் கவலை போகாது. என் கவலை அந்தச் சம்மதப் படிவத்தைப் பற்றியது.

அம்மாவுடைய பேரைப் போடுகிற கைதான் அம்மாவிடம் கையெழுத்தும் கேட்கிறது. மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது படிவத்தில் இருக்காது, ஆனால் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கிலோ வராத மலைக்கு அனுப்பலாம், லீவு கேட்டால் இழுத்தடிக்கலாம். மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்குகிற சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சுவீடனில் ஷெலெஃப்தியோ என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 22 மாணவர்களின் வருகையை முகம் பார்த்துப் பதியச் சில வாரம் சோதனை செய்தார்கள். சம்மதம் வாங்கித்தான் செய்தார்கள். 2019-இல் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை இரண்டு லட்சம் குரோனர் தண்டம் விதித்தது. மாணவர் பள்ளியின் கைக்குள் இருக்கிறவர், அவர் கொடுத்த சம்மதம் சுதந்திரமானது என்று ஏற்க முடியாது என்றார்கள். வருகையைப் பதிய இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையிலேயே இப்படி என்றால், கொழுந்து எடுப்பவருக்கும் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் இடையில் எப்படி?

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் நெருக்கமானது. சேர்கோ லெஷர் என்ற நிறுவனம் தன் உடற்பயிற்சி நிலையங்களில் ஊழியர் வருகைக்கு முகத்தையும் கைரேகையையும் பயன்படுத்தியது. 38 இடங்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள். 2024 பெப்ரவரியில் அங்கே தகவல் ஆணையாளர் நிறுத்தச் சொன்னார். அடையாள அட்டை போன்ற எளிய வழி இருக்கும்போது முகம் எதற்கு என்பதை நிறுவனத்தால் விளக்க முடியவில்லை. மாற்று வழி உண்டு என்று ஊழியர்களுக்குத் தெளிவாகச் சொல்லவும் இல்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் அதிகாரம் சமமாக இல்லாததால் ஊழியர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போயிருக்கும் என்று ஆணையாளர் எழுதினார். வைத்திருக்கத் தேவையில்லாத பதிவுகளை அழிக்கவும் உத்தரவிட்டார். அதே ஆணையாளரின் வார்த்தையை நம் தோட்டத்தில் யாராவது ஒருவர் உத்தியோகபூர்வமாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி நம் சட்டம். 1978 அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஓர் அடிப்படை உரிமை கிடையாது. ஆனால் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசாங்கத் திணைக்களங்களைப் போலவே தனியார் கம்பனிகளுக்கும் பொருந்தும் சட்டம் அது. ஆளை அடையாளம் காண்பதற்காக எடுக்கும் உடலியல் தரவை, நோய் விவரம், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றோடு சேர்த்து விசேட வகைத் தரவு என்று அது வைத்திருக்கிறது. முகம் இதில் அடங்கும். பிள்ளைகளின் தரவும் விசேட வகைதான். சம்மதம் என்றால் சுதந்திரமாக, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, விஷயம் தெரிந்து, சந்தேகமில்லாமல் கொடுப்பது என்று சட்டமே வரையறுக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள காகிதத்தில் போட்ட கையெழுத்து இந்த நான்கில் எதைத் தாண்டும்?

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை, தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை, பிழையைத் திருத்தச் சொல்லும் உரிமை, மெஷின் மட்டும் தனியாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யச் சொல்லும் உரிமை எல்லாம் அதில் உண்டு. மீறினால் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். எழுத்தில் நல்ல சட்டம்.

குறை அமலாக்கத்தில் இருக்கிறது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023-இல் நடைமுறைக்கு வந்தது. கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் வரவேண்டியவை, பின்போடப்பட்டன. அதே வருடம் திருத்தச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. எந்தப் பகுதி எப்போது என்பதை அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இந்தத் திகதிக்காகச் சத்தம் போடவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். சம்பளத்துக்காக ஹட்டன் நகரத்தை நிறுத்திக் காட்டியவர்கள் இதைக் கொழும்புக் கம்பனிகளின் விவகாரம் என்று விட்டுவிட்டார்கள். செக்ரோல் மெஷினுக்குள் போன நாளிலிருந்து இது சம்பள விவகாரம்தான்.

முகத்தின் கோவை எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? தோட்ட ஆபிஸில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் என்று அம்மா நினைப்பார். பெரும்பாலும் மெஷின் விற்ற கம்பனியின் சேர்வரில் இருக்கும், அந்தச் சேர்வர் வேறு நாட்டில் இருக்கலாம். தோட்டமும் ஒரே கையில் இருப்பதில்லை. எழுபதுகளில் அரசாங்கத்துக்குப் போனது, 1992-இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது, அதற்குப் பிறகும் கை மாறிய தோட்டங்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் பதிவேடு புது நிர்வாகத்தோடு போனது. நாளை முகமும் அப்படியே போகும்.

அமெரிக்காவில் இலினோய் மாநிலம் 2008-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணமும் இதுதான். கைரேகை வைத்துக் கடையில் பணம் கட்டும் வசதி கொடுத்த பே பை டச் என்ற கம்பனி 2007-இல் நொடித்தது. ஆட்களின் கைரேகைகளும் சொத்தோடு சொத்தாக விற்பனைக்குப் போய்விடுமோ என்று மக்கள் பயந்தார்கள். தனியார் கம்பனி எழுத்தில் சம்மதம் வாங்காமல் முகத்தையோ விரலையோ பதியக்கூடாது, விற்கவே கூடாது, எப்போது அழிப்போம் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும் என்றது சட்டம். மீறினால் பாதிக்கப்பட்ட ஆளே வழக்குப் போடலாம். கவனக்குறைவு என்றால் 1,000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5,000 டாலர். வேறு நட்டம் எதுவும் நடந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. படங்களில் முகத்துக்குத் தானாகவே பெயர் சொன்ன வசதிக்காக பேஸ்புக் அந்த மாநில மக்களுக்கு 65 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. லொறி ஓட்டுநரும் சாப்பாட்டுக் கடை ஊழியரும் கம்பனிகள்மேல் வழக்குப் போட்டார்கள். தொகைகள் தலைக்குமேல் போனதால் 2024-இல் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக எண்ணாமல் ஆளுக்கு ஒன்றாக எண்ணச் சொன்னார்கள். அப்படியும் அது பல்லுள்ள சட்டம். நம் சட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் ஏற்பாடு கிடையாது, எல்லாம் அதிகாரசபையின் கையில்.

மலையகத்து ஆட்களுக்கு இதை விளக்க இன்னொரு வழி உண்டு. துண்டு என்ற சொல்லைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளின் காலத்தில் தொழிலாளியின் கடன் ஒரு துண்டில் இருக்கும், அந்தத் துண்டு தீராமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இப்போது பல தோட்டங்களுக்கு ஒரே விற்பனையாள் மெஷின் கொடுத்து, எல்லா முகமும் ஒரே சேர்வரில் இருந்தால், ஒரு தோட்டத்தில் சண்டை பிடித்த ஆளை, சங்கத்துக்காகப் பேசிய ஆளை, அடுத்த தோட்டத்து வாசலிலேயே தெரிந்துகொள்ள முடியும். இங்கே அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்க முடியாதபடி செய்வதற்குத்தான் சட்டம். 1948-இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, ஒரு காகிதத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைந்த சமூகம் இது. பதிவேடு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி நமக்குப் புதியது இல்லை.

தரவு திருட்டுப் போகாது என்றும் யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. 2019-இல் பயோஸ்டார் 2 என்ற வாசல் பாதுகாப்பு முறையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களின் கைரேகைகளும் முகத் தரவுகளும் பூட்டாமல் இணையத்தில் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் கம்பனியின் பொருள் அது.

தோட்டத்துக்கு வெளியேயும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ரைட் எய்ட் என்ற மருந்துக் கடைக் கம்பனி 2012 முதல் 2020 வரை, திருடுவார்கள் என்று தான் சந்தேகித்தவர்களின் முகங்களைப் பட்டியல் போட்டு வைத்து, வாசலில் வருகிறவர்களோடு ஒப்பிட்டது. ஆயிரக்கணக்கில் பிழை. பதினொரு வயதுப் பிள்ளை ஒன்றைக்கூட நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் அங்கே மத்திய வர்த்தக ஆணையம், ஐந்து வருடத்துக்கு இந்தத் தொழில்நுட்பத்தைத் தொடக்கூடாது என்ற தடைக்கு அந்தக் கம்பனியை உடன்பட வைத்தது. இதை வாசிக்கும்போது எனக்கு நுவரெலியா டவுன் கடைகள்தான் ஞாபகம் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் உள்ளே போனால் பின்னாலேயே ஒருவர் நடந்து வருவார். சின்ன வயதில் எனக்கும் நடந்திருக்கிறது. அந்த ஆளின் கண்ணை மெஷினுக்குக் கொடுத்தால் அவமானம் எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் பரவும். கடன் கொடுக்கும் கம்பனிகள் போனில் முகத்தைக் காட்டச் சொல்வது வேறு வகை. அங்கே ஆள் தானே விண்ணப்பிக்கிறார், ஒரு முகத்தை ஓர் அடையாள அட்டையோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஆபத்து குறைவு. கடன் முடிந்ததும் அழிக்கிறார்களா என்று மட்டும் கேட்க வேண்டும்.

அப்போ சட்டம் எப்படி இருக்க வேண்டும்? என் கருத்தைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் தடை செய் என்பவர்களோடும் நான் இல்லை, சம்மதம் வாங்கினால் போதும் என்பவர்களோடு நிச்சயமாக இல்லை. வேலை கொடுப்பவர் தொழிலாளியிடம் வாங்கும் சம்மதத்தை மட்டும் வைத்து முகத்தைப் பதிய முடியாது என்று விதி வேண்டும். இது ஏன் தேவை, அட்டையால் ஏன் முடியாது என்று கம்பனிதான் எழுத்தில் நிரூபிக்க வேண்டும். வேண்டாம் என்கிறவருக்கு அதே சம்பளத்தோடு வேறு வழி எப்போதும் இருக்க வேண்டும். ஆள் தெரியவில்லை என்று மெஷின் சொன்னாலும் பேர் வெட்டக்கூடாது, அந்த ஆள் வரவில்லை என்று காட்டும் பொறுப்பு தோட்டத்துக்கு. இந்தக் கடைசி விதி ஒன்று இருந்திருந்தால் அந்த அக்காவின் மூன்று மாதக் கொடுப்பனவு போயிருக்காது.

அப்புறம், சிலவற்றை நேரடியாகவே தடை செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் 2025 பெப்ரவரியிலிருந்து அப்படிச் செய்திருக்கிறது. வேலைத்தளத்திலும் பள்ளியிலும் முகத்தைப் பார்த்து ஆளின் மனநிலையைக் கணிப்பது அங்கே கூடாது, மருத்துவம் அல்லது பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. இணையத்திலிருந்து கண்டபடி முகங்களை அள்ளிப் பட்டியல் தயாரிப்பதும் கூடாது. அள்ளுவது என்பது கற்பனை இல்லை. கிளியர்வியூ என்ற அமெரிக்கக் கம்பனி அப்படி அள்ளியதற்காக நெதர்லாந்து 2024-இல் 3 கோடியே 5 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஊர்த் திருவிழாவிலும் கல்யாணத்திலும் எடுத்து நாம் பேஸ்புக்கில் போடுகிற படங்களும் இப்படி அள்ளக்கூடியவைதான்.

முகத்தை வைத்தே பார்க்க வேண்டும் என்று கம்பனி பிடிவாதமாக நின்றால் ஒரு நடுவழி இருக்கிறது. முகத்தின் கோவையைச் சேர்வரில் வைக்காமல், தொழிலாளியின் கையிலுள்ள அட்டைக்குள் வைக்கலாம். அட்டையை நீட்டினால் அதிலிருப்பதோடு எதிரில் நிற்கும் முகத்தை மெஷின் ஒப்பிடும், பிறகு மறந்துவிடும். இவர் யார் என்று நானூறு பேருக்குள் தேட வேண்டாம், இந்த அட்டைக்காரர் இவர்தானா என்று பார்த்தால் போதும். பிழை குறையும். வேலையை விட்டால் அட்டை அம்மாவோடு வீட்டுக்கு வரும். செய்யக்கூடியதுதான், நான் செய்து கொடுத்திருக்கிறேன். செலவு கொஞ்சம் கூடும், விற்பனையாள் தானாக இதைச் சொல்ல மாட்டார்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தனியாகப் போக வேண்டாம், தோட்டத் தலைவரையும் மாதர் சங்கத்து அக்காமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. எங்கே வைப்பீர்கள், விற்பனைக் கம்பனி எது, அவர்களோடு எழுதிய ஒப்பந்தம் எங்கே, எப்போது அழிப்பீர்கள், மெஷின் தவறினால் யாரிடம் சொல்வது, வேண்டாம் என்கிறவருக்கு என்ன வழி என்று ஒரே கடிதத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் பேரும் கிலோவும் அச்சடித்த சீட்டாகக் கையில் வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். மெஷின் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சீட்டை விடாதீர்கள். கடிதத்தில் திகதி போடுங்கள், அம்மாவின் செக்ரோல் நம்பரை எழுதுங்கள், இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் ஆபிஸின் முத்திரையை வாங்கி வீட்டில் வையுங்கள்.

அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றாலும் பரவாயில்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். கடிதம் எழுதிய பிறகு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வாசித்துத் திருத்தித் தருகிறேன்.